தழும்பும் துருசும்: மைக்ரோஆர்என்ஏ பற்றி ஓர் எளிய விளக்கம்

2024ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு, மைக்ரோஆர்என்ஏ என்னும் மிகச் சிறிய மூலக்கூறைக் கண்டறிந்தமைக்காக விக்டர் அம்புரோஸ், கேரி றவ்குன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. அதன் பிறகு அந்தச் சொல் பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் அடிபட்டு, கடைசியில் வன்னியில் நான் உயிரியல் படிப்பிக்கும் உயர்தர வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த வடிவந்தான் சரியில்லை. “தழும்பை அழிக்கிற ஊசி கண்டுபிடிச்சிட்டாங்களாம் சேர்” என்றான் ஒருவன். “அது கொரோனா ஊசியில இருந்த சாமான்தானே” என்றான் பின்வாங்கில் இருந்தவன். காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு தடித்துப்போன ஒரு மாணவி, வகுப்பு முடிந்த பின் தனியாக வந்து, “எங்கட பரம்பரையில அந்த ஆர்என்ஏ பழுதாம், அதாலதான் இப்பிடியாம். உண்மையோ சேர்?” என்று கேட்டாள்.

மூன்றும் பிழை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் உண்மையின் நிழல் இருக்கிறது. அந்த நிழலிலிருந்து பொருளைப் பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன். தழும்பில்லாத உடம்பைக் காண்பது அரிதான ஒரு நிலப்பகுதியில், தழும்பு எப்படி உண்டாகிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு நூல்களில் ‘செல்’ என்று எழுதுவதை எங்கள் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன். வன்னியில் ‘செல்’ என்றால் இன்றைக்கும் எறிகணை என்றுதான் முதலில் காதில் விழும். அதேபோல ‘திசு’ என்பது இங்கே ‘இழையம்’; ஒரே வகை வேலையைச் செய்யும் கலங்களின் கூட்டம்.

குளக்கட்டு உடைப்பெடுத்தால்

மாரிமழை பிடித்து ஒரு சிறுகுளத்தின் கட்டு உடைப்பெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயில் மணி அடிக்கப்படுகிறது. கமக்காரர்கள் கையில் கிடைத்ததோடு ஓடிவருகிறார்கள். உரப்பைகளில் மண் நிரப்பி, தடிகளை அடித்து, மூட்டைக்கு மேல் மூட்டையாகப் போட்டு உடைப்பை அடைக்கிறார்கள். அடைத்த இடம் பழைய கட்டைப்போல அழகாக இராது. புல் முளைக்காது, மேடு பள்ளமாக இருக்கும். ஆனால் தண்ணீர் நின்றுவிடும். அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

தோலில் மண்வெட்டி பட்டால் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. முதலில் குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து குருதி வெளியேறும் வாயை அடைக்கின்றன. மேலே அயறு கட்டுகிறது. வெண்குருதிக் கலங்கள் வந்து அழுக்கையும் கிருமியையும் அகற்றுகின்றன. அதன் பிறகு வருபவர்கள்தான் மண்மூட்டை அடுக்குபவர்கள். அவர்களுக்கு நாரரும்பர்க் கலங்கள் என்று பெயர். இழையங்களுக்கு இடையே இருந்து, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்களை உண்டாக்குவது இவற்றின் தொழில். அவை உண்டாக்கும் நார்களில் முதன்மையானது கொலாஜன் என்னும் புரதம். எங்கள் கதையின் மண்மூட்டை அது.

கோயில் மணியின் இடத்தில் உடலில் ஒலிப்பது ரிஜிஎஃப்-பீற்றா என்னும் சைகைப் புரதம். காயப்பட்ட இடத்தில் அது வெளிப்பட்டதும், அதுவரை சாதுவாக இருந்த நாரரும்பர்க் கலங்கள் உருமாறுகின்றன. தசைக் கலத்தைப்போலச் சுருங்கி இழுக்கும் வலு அவற்றுக்கு வந்துவிடுகிறது. கொலாஜனையும் பெருமளவில் சுரக்கின்றன. இப்படி உருமாறியவற்றைத் தசைநாரரும்பர்க் கலங்கள் என்போம். ஆறிவரும் காயம் நாளுக்கு நாள் சுருங்கி, வாய் ஒடுங்குவது இவை இழுப்பதனால்தான்.

என் இடது கணைக்காலில் சிறு வயதில் பட்ட மண்வெட்டிக் காயத்தின் தழும்பு இருக்கிறது. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது அதையே காட்டுவேன். கிட்டப் பார்த்தால் அதில் மயிரில்லை, வியர்வைத் துளைகளில்லை, சுற்றியுள்ள தோலில் இருக்கும் நுண்ணிய கோடுகளும் இல்லை. வெறும் மினுமினுப்பான ஒரு பட்டி. நல்ல தோலில் கொலாஜன் நார்கள் பாய் பின்னியதுபோல எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. தழும்பில் அவை பெரும்பாலும் ஒரே பக்கமாகக் கிடக்கின்றன. நன்கு முதிர்ந்த தழும்புக்கூடப் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் எட்டுவதில்லை.

அவசர வேலை முடிந்ததும் என்ன நடக்கவேண்டும்? மணி ஓயவேண்டும், வந்தவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். உடலிலும் அப்படித்தான். காயம் மூடியதும் தசைநாரரும்பர்க் கலங்களில் பெரும்பாலானவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. சில பழைய சாது நிலைக்குத் திரும்புகின்றன. மிதமிஞ்சிய கொலாஜனை அரித்தெடுக்கும் நொதியங்களும் வேலை செய்கின்றன. செக்கச்சிவந்து தடித்திருந்த தழும்பு ஓரிரு வருடங்களில் வெளிறித் தட்டையாவது இதனால்தான்.

மணி ஓயாவிட்டால்

இனி, மணி ஓயவேயில்லை என்று எண்ணிப் பாருங்கள். உடைப்பு அடைபட்டுவிட்டது, ஆனால் மூட்டைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. கட்டில் இடமில்லாமல் வாய்க்காலில் போடுகிறார்கள். வாய்க்கால் நிரம்பி வயலிலும் போடுகிறார்கள். ஊரைக் காப்பாற்றிய அதே மூட்டைகள் இப்போது வயலுக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கின்றன.

இதுதான் நாரிழையமாதல், வைத்தியர்கள் பைப்ரோசிஸ் என்பார்கள். ஓர் உறுப்பில் வேலை செய்யும் கலங்களின் இடத்தைக் கொலாஜன் நார் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும் நிலை அது. தோலில் நடந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளுறுப்புகளில் நடக்கும்போது தெரிவதில்லை. ஈரலில் அது முற்றினால் சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுக்கம். நுரையீரலில் நடந்தால் காற்றறைகளின் மெல்லிய சுவர் தடித்து, ஒட்சிசன் குருதிக்குள் போவது குறைகிறது. மாரடைப்பில் இறந்த இதயத் தசை மீள வளராததால் அந்த இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. அந்தத் தழும்பு இல்லையென்றால் இதயச்சுவர் கிழிந்துவிடும். ஆனால் அது பக்கத்து நல்ல தசைக்குள்ளும் பரவினால் இதயம் விறைத்துப்போகும். ஆகவே தழும்பை எதிரி என்றே பேசுவது சரியில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் அது உயிர்காப்பது.

வன்னியில் இருப்பவர்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் சிறுநீரகம். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லப்படுவது, 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு, பின்னர் வவுனியா மாவட்டத்தின் பகுதிகளிலும் பதிவானது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கமக்காரர்கள். அவர்களின் சிறுநீரகத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முதன்மையாகத் தெரிவது, நுண்குழாய்களுக்கு இடையே படிந்திருக்கும் நாரிழையம். சீனி வருத்தத்தாலோ பிரஷராலோ சிறுநீரகம் பழுதானாலும் முடிவில் போய் நிற்கும் இடம் இதுவே. தொடங்கிவைத்த காரணம் எதுவாயினும், உறுப்பை இறுதியில் முடக்குவது பெரும்பாலும் ஓயாத இந்தத் தழும்பாக்கந்தான். அதனால்தான் ஆய்வாளர்கள் நோய்க்கு நோய் தனித்தனியாகக் காரணம் தேடுவதோடு நில்லாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தக் கடைசிப் படியையும் நோக்குகிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காயம் ஆறுவதற்குத் தசைநாரரும்பர்க் கலங்கள் கொலாஜனைப் போடுகின்றன, வேலை முடிந்ததும் அவை நிற்கவேண்டும், நிற்காதபோது நாரிழையமாதல் உண்டாகிறது. எஞ்சியிருக்கும் கேள்வி, எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கலம் எப்படி முடிவு செய்கிறது என்பதே. மைக்ரோஆர்என்ஏ வருவது இந்த இடத்தில்.

மூலப்படமும் நகலும்

போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ வீட்டுத்திட்டங்கள் வந்தன. வீட்டின் மூலப்படம் அலுவலகத்து அலுமாரியில் இருக்கும். அதை ஒருவரும் வெளியே கொண்டுபோவதில்லை. போட்டோக்கொப்பி எடுத்து மேசனிடம் கொடுப்பார்கள். மேசன் அதைப் பார்த்துச் சுவர் எழுப்புவார். நகல் கிழிந்துபோனால் வேலை நிற்கும். மூலப்படத்துக்கு ஒன்றும் ஆகாது.

கலத்தின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ என்பது அந்த அலுமாரி. அதில் ஒரு புரதத்துக்கான படம் எழுதப்பட்ட பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம். அதிலிருந்து எடுக்கப்படும் நகலுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். நகல் கருவை விட்டு வெளியே வந்ததும், றைபோசோம் என்னும் மேசன் அதை வாசித்துப் புரதத்தைக் கட்டுகிறது. கொலாஜனும் இப்படிக் கட்டப்படும் ஒரு புரதமே. நகல்கள் நிறைய வந்தால் கொலாஜன் நிறைய. குறைய வந்தால் குறைய.

ஒரு விவரத்தை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். நகலின் அடியில், படம் முடிந்த பின்பு, கட்டட வேலைக்குப் பயன்படாத சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். மேசன் அவற்றைக் கட்டுவதில்லை. இதை அடிக்குறிப்புப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலம் இது வெறும் ஓரம் என்றே பலர் எண்ணியிருந்தார்கள்.

இருபத்திரண்டு எழுத்துத் துண்டு

1993இல் அம்புரோஸும் றவ்குனும் தத்தம் ஆய்வுகூடங்களில், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் லின்-4 என்ற பரம்பரையலகு எந்தப் புரதத்தையும் தருவதாகத் தெரியவில்லை. அதிலிருந்து கிடைத்தது 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ துண்டு மாத்திரமே. (ஆர்என்ஏ இழை ஏ, யு, ஜி, சி என்ற நான்கு வகை அலகுகளின் வரிசை; அந்த அலகுகளையே எழுத்து என்கிறேன்.) அந்தத் துண்டு, லின்-14 என்ற இன்னொரு பரம்பரையலகின் நகலில், அதுவும் அதன் அடிக்குறிப்புப் பகுதியில், பகுதியளவில் பொருந்தி ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைத் தடுத்தது. இது அந்தப் புழுவின் தனிப்பட்ட விசித்திரம் என்றுதான் பலரும் விட்டுவிட்டார்கள். 2000இல் றவ்குன் குழுவினர் லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டு, அது மனிதர் உட்படப் பல விலங்குகளில் இருப்பதையும் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மனிதரில் இத்தகைய துண்டுகளுக்கான பரம்பரையலகுகள் ஆயிரத்துக்கு மேல் இருப்பது இன்று தெரியும்.

மைக்ரோஆர்என்ஏ என்பது அந்தத் துண்டுதான். புரதத்துக்கான படம் எதையும் தன்னிடம் வைத்திராத, ஏறத்தாழ 22 எழுத்து நீளமான, மற்ற நகல்களின் வேலையைத் தணிக்கிற ஓர் ஆர்என்ஏ. முதலில் அது நீண்ட இழையாகப் படியெடுக்கப்பட்டு, கொண்டையூசிபோல் மடிகிறது. டைசர் என்ற நொதியம் கடைசி வெட்டை வெட்டி அதைச் சிறு துண்டாக்குகிறது. ஆர்கோநோட் என்ற புரதம் அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்ப்படும் தூது ஆர்என்ஏக்களின் அடிக்குறிப்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. பொருத்தமான இடம் அகப்பட்டதும் அங்கே நின்றுவிடுகிறது. மேசனின் வேலை மந்தமாகிறது. நகலும் விரைவில் சிதைந்துபோகிறது.

பொருத்தம் என்பது முழு 22 எழுத்துக்கும் வேண்டியதில்லை. துண்டின் முன்பக்கத்தில் இரண்டாவது எழுத்து முதல் எட்டாவது எழுத்து வரையான ஏழு எழுத்துகள் பொருந்தினால் பெரும்பாலும் போதும். இதை விதைப்பகுதி என்பார்கள். உதாரணத்துக்கு, நாம் சந்திக்கப்போகும் மிர்-29 என்ற மைக்ரோஆர்என்ஏயின் விதைப்பகுதி ஏ, ஜி, சி, ஏ, சி, சி, ஏ என்று ஓடுகிறது. ஆர்என்ஏயில் ஏ எழுத்து யு எழுத்தோடும், ஜி எழுத்து சி எழுத்தோடும் சோடி சேரும். ஆகவே ஒரு நகலின் அடிக்குறிப்பில் இதற்கு நேரெதிரே யு, சி, ஜி, யு, ஜி, ஜி, யு என்று நிற்கும் இடம் எங்கிருந்தாலும் மிர்-29 அங்கே ஒட்டலாம். கொலாஜனின் முக்கிய வகைகளுக்கான நகல்களில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் இதையும் பார்க்கலாம். நான்கு எழுத்துகளைக் கொண்டு ஏழெழுத்துச் சொற்கள் 16,384 ஆக்கலாம். ஓர் அடிக்குறிப்பு ஆயிரம் இரண்டாயிரம் எழுத்து நீளம் இருப்பது சாதாரணம். மனிதரில் புரதம் தரும் பரம்பரையலகுகளோ ஏறத்தாழ 20,000. அப்படியானால் ஒரே ஏழெழுத்து நூற்றுக்கணக்கான நகல்களில் அகப்படுவது வியப்பில்லை. ஒரு மைக்ரோஆர்என்ஏ ஒரு பரம்பரையலகை மட்டும் கட்டுப்படுத்துகிறது என்ற பேச்சு இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

சுவிட்ச் அன்று, துருசு

செய்திகளில் மைக்ரோஆர்என்ஏயை ‘பரம்பரையலகை நிறுத்தும் சுவிட்ச்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்த உவமையில் உடன்பாடில்லை. மின்விளக்குச் சுவிட்சுக்கு இரண்டே நிலைதான். மைக்ரோஆர்என்ஏ அப்படி இயங்குவதில்லை.

இரணைமடுவிலோ வேறெந்தக் குளத்திலோ, தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் மதகாகிய துருசு திறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று முடிவாகும். அதன்படி துருசின் கதவை அங்குலக் கணக்கில் உயர்த்துவார்கள், இறக்குவார்கள். ஓரங்குலம் இறக்கினால் ஒரு வயலும் உடனே வறண்டுவிடாது. ஆனால் வாய்க்கால் முழுவதிலும், அதில் பாயும் அத்தனை வயலிலும், மட்டம் சற்றுத் தாழும். மைக்ரோஆர்என்ஏயின் வேலை இதைப் போன்றது. ஒரு மைக்ரோஆர்என்ஏ தன் இலக்குகளில் எதையும் முழுதாக மூடுவது அரிது. அளந்து பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலான இலக்குப் புரதங்கள் தம் அளவில் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை. ஆனால் ஒரே பாதையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து புரதங்கள் ஒரே நேரத்தில் சற்றுச் சற்றாக இறங்கும்போது, கலத்தின் போக்கே மாறிவிடும்.

இந்த உவமையும் ஓரிடத்தில் முறியும். ஒரு வயலுக்குப் பெரும்பாலும் ஒரு துருசுதான். ஆனால் ஒரு தூது ஆர்என்ஏயின் அடிக்குறிப்பில் வெவ்வேறு மைக்ரோஆர்என்ஏக்கள் ஒட்டும் இடங்கள் பல இருக்கலாம். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் ஐந்தாறு வட்டவிதானைமார் ஒரே வயலின் தண்ணீரைத் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் உண்மைக்குக் கிட்ட வருவோம்.

சுருக்கமாக: மைக்ரோஆர்என்ஏ டிஎன்ஏயைத் தொடுவதில்லை. நகலின் அடிக்குறிப்பில் ஏழெழுத்துப் பொருத்தம் பார்த்து ஒட்டி, புரதத்தின் அளவைத் தணிக்கிறது. ஒன்று பலவற்றைத் தணிக்கும். பல ஒன்றைத் தணிக்கும்.

மிர்-29 இறங்கும்போதும் மிர்-21 ஏறும்போதும்

நாரிழையமாதலில் பங்குள்ள மைக்ரோஆர்என்ஏக்கள் பல. இரண்டைப் புரிந்துகொண்டால் மற்றவற்றின் போக்கும் பிடிபடும்.

மிர்-29 கொலாஜனின் துருசு. அமைதியான இழையத்தில் அது போதிய அளவில் இருந்து, கொலாஜன் மட்டுமன்றி எலாஸ்ற்றின் முதலான வேறு தாங்கு புரதங்களின் நகல்களையும் தணித்தே வைத்திருக்கிறது. ரிஜிஎஃப்-பீற்றாவின் மணி ஒலித்ததும் கலத்தில் மிர்-29 குறைகிறது. அதாவது கதவு உயர்கிறது, கொலாஜன் பாய்கிறது. 2008இல் அமெரிக்காவில் எலிகளில் செய்த ஆய்வொன்றில், மாரடைப்புக்குப் பின் தழும்பு உண்டாகும் ஓரப் பகுதியில் மிர்-29 குறைந்திருந்தது. செயற்கையாக அதைக் குறைத்தபோது கொலாஜன் நகல்கள் கூடின. கலங்களில் அதைக் கூட்டியபோது குறைந்தன. ஈரல், நுரையீரல், சிறுநீரகம், தோல் என்று பார்த்த இடங்களிலெல்லாம் இதே போக்கு பிறகு தென்பட்டது. காயம் ஆறவேண்டுமானால் இந்த இறக்கம் தேவையானதே. காயம் மூடிய பின்னும் மிர்-29 மீண்டு ஏறாமல் இருப்பதில்தான் வில்லங்கம்.

மிர்-21 எதிர்த்திசையில் இயங்குகிறது. மணி ஒலித்ததும் இது கூடுகிறது. துண்டு கூடினால் தணிப்பும் கூடவேண்டும். அப்படியானால் கொலாஜன் குறையவேண்டாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடை, எதைத் தணிக்கிறது என்பதில் இருக்கிறது. மணியை ஓயவைக்கும் புரதங்கள் கலத்தில் உண்டு. ஸ்மாட்7 என்பது அவற்றில் ஒன்று. ரிஜிஎஃப்-பீற்றாவின் சைகை அளவு மீறாமல் அதன் கையைப் பிடித்து நிறுத்துவது அதன் தொழில். மிர்-21 தணிப்பது அந்த ஸ்மாட்7 போன்றவற்றை. மணியை நிறுத்த வந்தவரை வாசலிலேயே மறித்துவைத்தால் மணி ஓயுமா? இன்னும் சற்று நேரம் ஒலிக்கும். ஒலிக்க ஒலிக்க மிர்-21 இன்னும் கூடும். இப்படித் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் ஒரு வட்டம் உண்டாகிறது. காயத்தின் முதற்காரணம் நீங்கிய பிறகும் சில உறுப்புகளில் தழும்பாக்கம் தொடர்வதற்கு இதுபோன்ற வட்டங்களும் ஒரு காரணம்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2008இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு, எலிகளில் மிர்-21ஐத் தடுத்தால் இதயத்தின் நாரிழையம் குறைகிறது என்று அறிவித்தது. உடனே மிர்-21தான் தழும்பின் குற்றவாளி என்ற பேச்சு பரவியது. 2010இல் வேறொரு குழு, மிர்-21 அறவே இல்லாமல் பிறந்த எலிகளின் இதயத்தைச் சுமைக்குள்ளாக்கியபோது, அவற்றிலும் வழக்கம்போல நாரிழையம் உண்டானதைக் காட்டியது. இரண்டில் ஒன்று பொய் என்று இதற்குப் பொருளில்லை. பிறப்பிலிருந்தே ஒரு துருசு இல்லாத வாய்க்காலில், மற்றத் துருசுகள் மட்டத்தைச் சரிசெய்து பழகியிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலில் திடீரென ஒரு துருசை மூடுவது வேறு. எப்படியாயினும், ஒரு தனி மைக்ரோஆர்என்ஏயின் தலையில் முழுப் பழியையும் போடுவது கூடாது என்பது அந்த ஆண்டே தெளிவாகிவிட்டது. அந்தத் தெளிவு காணொளிகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

மருந்தாக்குவதில் உள்ள சிக்கல்

கருத்தளவில் மருந்து எளிமையானது. குறைந்துபோன மைக்ரோஆர்என்ஏயைப் போன்ற ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து கொடுக்கலாம், இது போலித்துண்டு. மிஞ்சிப்போன மைக்ரோஆர்என்ஏக்கு எதிரெழுத்துத் துண்டைச் செய்து, அதோடு ஒட்டவைத்து முடக்கலாம், இது தடைத்துண்டு. தழும்புக்கென்றால் மிர்-29இன் போலித்துண்டும், மிர்-21இன் தடைத்துண்டும் பொருத்தமானவை. இரண்டுமே மனிதரில் சோதிக்கப்பட்டன.

றெம்லார்சன் என்பது மிர்-29இன் போலித்துண்டு. சுகதேகிகளான தொண்டர்களின் தோலில் சிறு வெட்டுகளை இட்டு, சில வெட்டுகளில் மருந்தையும் சிலவற்றில் மருந்தில்லாத திரவத்தையும் ஏற்றி ஒப்பிட்டார்கள். மருந்து ஏற்றிய இடங்களில் கொலாஜன் உருவாவது குறைந்ததாக 2019இல் முடிவு வெளிவந்தது. தழும்பை அழிக்கும் ஊசி என்று என் மாணவன் கேள்விப்பட்டது இதன் வழிவந்த செய்தியாக இருக்கக்கூடும். இதில் காட்டப்பட்டது, புதுக்காயத்தில் தழும்பாக்கத்தைத் தணிக்க முடியும் என்பதே. பத்து வருடம் பழகிய தழும்பு கரைந்துபோனது என்று ஒருவரும் சொல்லவில்லை.

லடமெர்சன் என்பது மிர்-21இன் தடைத்துண்டு. அல்போர்ட் நோய் என்னும் பரம்பரைச் சிறுநீரக நோயுள்ள எலிகளில் மிர்-21ஐத் தடுத்தபோது நல்ல பலன் தெரிந்திருந்தது. அந்த நோயுள்ள மனிதர்களில் நடந்த சோதனையோ, எதிர்பார்த்த பயன் தெரியாததால் 2022இல் நிறுத்தப்பட்டது.

ஏன் இவ்வளவு கடினம்? துருசு உவமையிலேயே விடை இருக்கிறது. ஒரே துருசில் நூறு வயல்கள் பாய்கின்றன. சிறுநீரகத்தில் தழும்பைக் குறைக்க ஒரு கதவை அசைத்தால், அதே கதவில் பாயும் வேறு வயல்களிலும் மட்டம் மாறும். குருதியில் ஏற்றும் துண்டு வேண்டிய உறுப்புக்கு மட்டும் போவதில்லை. புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்ட மிர்-34இன் போலித்துண்டு ஒன்று, நோயெதிர்ப்புத் தொகுதியைக் கடுமையாகத் தூண்டி, மரணங்களும் நேர்ந்ததால், 2016இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. தோலில் நேரடியாகக் குத்தும் மருந்து சற்று முன்னே போயிருப்பதற்குக் காரணமும் இதுவே. மருந்து போட்ட இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

மூன்று கேள்விகளுக்கும் விடை

கொரோனா ஊசி பற்றிய குழப்பம் பெயரால் வந்தது. பைசர், மொடேர்னா ஊசிகளில் இருந்தது தூது ஆர்என்ஏ. ஒரு வைரசுப் புரதத்தைக் கட்டச்சொல்லும் நகல். மைக்ரோஆர்என்ஏ எதையும் கட்டச் சொல்வதில்லை, கட்டுவதைத் தணிக்கிறது. ஒன்று படம், மற்றது படத்தில் ஒட்டும் துண்டு. இங்கே பலருக்கு ஏற்றப்பட்ட சினோபார்ம் ஊசியிலோ இரண்டுமே மருந்துப்பொருளாக இருக்கவில்லை. அது செயலிழக்கச் செய்த வைரசு.

‘ஆர்என்ஏ சத்து’ இருப்பதாக விற்கப்படும் தழும்புக் களிம்புகளைப் பற்றி ஒரே வசனம் போதும்: உறையற்ற ஆர்என்ஏ தோலின் மேற்படையைத் தாண்டி உயிர்க்கலங்களுக்குள் தானாகப் போவதில்லை, வழியில் உள்ள நொதியங்களும் அதை விட்டுவைப்பதில்லை.

இனி, அந்த மாணவியின் காது. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் வளரும் தழும்பைக் கீலொயிட் என்பார்கள். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது வேறு வகை. அது காலப்போக்கில் தணியக்கூடும், கீலொயிட் பெரும்பாலும் தானாகத் தணிவதில்லை. கருமையான தோலுள்ளவர்களில் அது அதிகம். காதுச்சோணை, தோள், நெஞ்சு ஆகிய இடங்களில் விரும்பி வரும். குடும்ப வழியாக வரும் நாட்டம் உண்மையிலேயே உண்டு; அவள் கேள்விப்பட்டதில் அந்த அளவு சரி. ஆனால் கீலொயிட்டில் சில மைக்ரோஆர்என்ஏக்களின் அளவு மாறியிருப்பது, அவளுடைய குடும்பத்தில் ஏதோ ஒரு ஆர்என்ஏ பழுதாகப் பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. காயத்தின் சைகை கேட்டு அந்த அளவுகள் ஏறி இறங்குகின்றன. வயலில் தண்ணீர் கூடிவிட்டது என்பதற்காகத் துருசு உடைந்துவிட்டது என்று சொல்லமுடியுமா? யாரோ அதைத் திறந்தும் வைத்திருக்கலாம்.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். தடிப்பை யாரிடமாவது கொடுத்து வெட்டுவித்துவிடாதே. வெட்டு என்பதும் ஒரு புதுக்காயம், வெறுமனே வெட்டினால் முன்னதைவிடப் பெரிதாகத் திரும்பி வருவது வழக்கம். தோல் வைத்தியரின் கிளினிக்குக்குப் போனால், தழும்புக்குள்ளேயே ஸ்ரெறோயிட் ஊசி ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையோடு சேர்த்து, காதுச்சோணையை அழுத்திப் பிடிக்கும் காதணியும் சிலிக்கன் தகடும் தருவார்கள். பல மாதம் பொறுமையாகச் செய்யவேண்டும். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: “மற்றக் காதையும் குத்தலாமோ சேர்?” குத்தவேண்டாம் என்றேன்.